வெனிஸும் தங்கமணியின் முழங்காலும்

கல்யாணமாகி 25 வருஷம் ஓடிப்போச்சு மக்கா. 2000 கார்த்திகையில், ஆறுமுகநேரியில், அடைமழைக்கு நடுவுல தாலி கட்டினவன் நான். பந்தியில் சாம்பாரைவிட மழைத்தண்ணிதான் ஜாஸ்தின்னு மாமனார் வகையறா இன்னைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. சரி, வெள்ளி விழாவுக்கு எங்கே போகலாம்னு தங்கமணிகிட்ட ஒரு மரியாதைக்குக் கேட்டேன். பதில் எனக்கும் தெரியும், எங்க வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிற கொண்டோலா காந்தத்துக்கும் தெரியும். வெனிஸ்தான்.

இது நாலாவது தடவை. 2003, 2008, 2014, இப்போ 2025 நவம்பர். "இத்தாலியில வேற ஊரே இல்லையாவே?"ன்னு இங்கே மியூனிக்கில் நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கு. ரோம் போயிருக்கோம், ஃபிளாரன்ஸ் போயிருக்கோம். நல்ல ஊருங்கதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா ரோமில் ரோட்டைக் கடக்கிறதுக்குள்ள ஸ்கூட்டர்காரன் நம்மளை முருகனடி சேர்த்துருவான். வெனிஸில் அந்தக் கதையே கிடையாது. காரும் இல்ல, ஸ்கூட்டரும் இல்ல, சைக்கிள் ஓட்டினாக்கூட அபராதம். குப்பை வண்டி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு, கூரியர், கடைசியில் சவ ஊர்வலம் வரைக்கும் எல்லாம் படகுதான். ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு சந்துக்குள்ள நடந்தா நம்ம செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். இந்தக் காலத்துல எந்த ஊர்ல இது கேட்குது, சொல்லுங்க பார்ப்போம்.

இதுல ஒரே ஒரு சிக்கல். அந்த ஊர்ல நடக்கணும். நடக்கணும்னா பாலம் ஏறி இறங்கணும். 400க்கும் மேல பாலங்கள், அநேகமாக எல்லாத்துக்கும் படிக்கட்டு. தங்கமணிக்கு 2019ல இருந்து முடக்குவாதம். 2024ல வலது முழங்காலை மாத்தியாச்சு. இடது முழங்கால் பாக்கி. ஜனவரியில் வச்சுக்கலாமான்னு டாக்டர் லெட்டர் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. மேலே சொன்ன கொண்டோலா காந்தத்துக்கு அடியிலதான் அந்த லெட்டரும் தொங்குது. அவ பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கிறா, மூடுறா, லெட்டரைப் பார்க்கிறதே இல்ல. முதல் ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு மாசம் அவ பட்ட பாடு எனக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. அதனால நானும் வற்புறுத்தல. வற்புறுத்துறதுக்கு இது என் காலும் இல்ல.

சரி, பயண ஏற்பாட்டுக்கு வருவோம். இந்த விஷயத்துல அடியேன் கொஞ்சம் கிறுக்கு. ஊர் வரைபடத்தை மேசையில் விரிச்சுப் போட்டு, பாலமே ஏறாம எவ்வளவு தூரம் போகலாம்னு சிவப்பு பென்சில்ல கோடு போட்டேன். ஒரு விஷயம் கண்டுபிடிச்சேன் பாருங்க, வெனிஸ் போற எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது. அங்கே வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் மராத்தான் நடக்கும். ஓடுறவங்களுக்காக அந்தத் தடத்துல இருக்கிற பாலப் படிகள் மேல சரிவுப் பலகை போடுவாங்க. ஓட்டம் முடிஞ்சதும் கழட்டிட மாட்டாங்க, பல மாசம் அப்படியே விட்டிருவாங்க. சக்கர நாற்காலிக்காரங்க, குழந்தை வண்டி தள்ளுறவங்க, முழங்கால் தேய்ஞ்சவங்க எல்லாருக்கும் அது ஒரு வரப்பிரசாதம். தெற்குக் கரையில் சத்தேரேன்னு ஒரு நீள நடைபாதை இருக்கு. மராத்தான் தடம் அதுலதான் வருது. அங்கேயே தரைத்தளத்துல ஒரு ரூம் பிடிச்சேன். நீர்ப்பேருந்துக்கு மூணு நாள் பாஸ் தலைக்கு 45 யூரோ. ஒத்தை டிக்கெட் 9.50 யூரோ, அதுவும் 75 நிமிஷத்துக்குத்தான். பாஸ் எடுக்காம போனா பர்ஸ் கிழிஞ்சிரும்.

இதையெல்லாம் பெருமையா தங்கமணிகிட்ட விளக்கினேன். முழுசும் கேட்டுட்டு, "என்னைய பார்சல் மாதிரியா கொண்டு போறீய? எங்க ஏறணும், எங்க எறங்கணும்னு ஸ்டாம்ப் ஒட்டிருக்கியளே"ன்னா. ஆனா பென்சில் கோடு போட்ட வரைபடத்தை மட்டும் மடிச்சு அவ கைப்பையில வச்சுக்கிட்டா. அந்த ஒரு காரியத்துலயே என் ஏற்பாடு சரின்னு நான் எடுத்துக்கிட்டேன் :)

காலையில மியூனிக்கில் ஏறினா இன்ஸ்ப்ரூக், ப்ரென்னர் கணவாய், வெரோனா வழியா சாயங்காலத்துக்குள்ள வெனிஸ். கடைசி பத்து நிமிஷத்துக்குத்தான் முழுப் பயணமும். ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல ரயில். நம்ம பாம்பன் பாலத்துல போற மாதிரியே இருக்கும். பாம்பன் ரயில் பாலம் 1914ல வந்தது, ரெண்டு கிலோமீட்டருக்குச் சொச்சம். இது 1846, கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர். அதுவரைக்கும் வெனிஸுக்குத் தரைவழியே கிடையாது. கார் போற பாலம் 1933லதான் வந்தது. 2003ல முதல் தடவை வந்தப்போ தங்கமணி இந்த இடத்துல எழுந்து கதவுப் பக்கம் போய் நின்னுக்கிட்டா. இந்தத் தடவை உட்கார்ந்தே கண்ணாடியில முகத்தை ஒட்டிக்கிட்டா.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க. 2003 ஜூலை. எனக்கு ஆன்சைட் வேலை, கையில காசு கிடையாது. தேனிலவு தேனிலவுன்னு மூணு வருஷம் தள்ளிப் போட்டு, மெஸ்த்ரேல ஒரு மட்டமான லாட்ஜ்ல தங்கி, தினமும் பஸ் பிடிச்சு வெனிஸுக்குள்ள வருவோம். தூக்குச்சட்டியில புளியோதரை. சான் மார்க்கோ சதுக்கத்துல புறாவுக்கு மக்காச்சோளம் விக்கிறவங்க அப்போ இருந்தாங்க. (2008ல அதைத் தடை பண்ணிட்டாங்க. புறா எச்சம் சலவைக்கல்லை அரிக்குதுன்னு.) எங்க தங்கமணி சோளம் வாங்காம புளியோதரையை நீட்டிப் பார்த்தா. வெனிஸ் புறா அதையும் தின்னுச்சு. அந்த மூணு நாள்ல எத்தனை பாலம் ஏறினோம்னு கணக்கே இல்ல. அவ முன்னால ஓடிப்போய் பாலத்து உச்சியில நின்னு, "இந்த வாய்க்காலும் நல்லாருக்கு, வாங்க வாங்க"ன்னு கூப்பிடுவா. நான் பையைத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்கிப் பின்னால வருவேன். இப்போ நான் முன்னால, அவ பின்னால. கொசுவத்தி அணைஞ்சது.

ஊர் மாறியிருக்கான்னா, மாறியிருக்கு. அப்போ எல்லாம் ஜூதெக்கா கால்வாய் வழியா பத்து மாடி உல்லாசக் கப்பல் போகும். வீட்டு மாடி உசரத்தைத் தாண்டி ஒரு வெள்ளைச் சுவர் நகர்ந்து போற மாதிரி இருக்கும். 2021 ஆகஸ்ட்ல பெரிய கப்பல்களுக்கு அந்தக் கால்வாயை மூடிட்டாங்க. 2024ல இருந்து கூட்டமான நாள்கள்ல பகல்ல மட்டும் வந்து போறவங்களுக்கு நுழைவுக் கட்டணம் வேற. (ராத்திரி தங்கினா அது கிடையாது, நவம்பர்ல யாருக்குமே கிடையாது.) இந்தத் தீவு நகரத்துல 1950கள்ல 1,70,000 பேருக்கு மேல குடியிருந்தாங்க. 2022ல அது 50,000க்குக் கீழே போயிருச்சு. வீடெல்லாம் வாடகை ரூமா மாறிப்போச்சு. அப்படி மாறின ரூம்ல தங்கிட்டுத்தான் நான் இதை எழுதுறேன், அதையும் சொல்லிடணும்ல.

நவம்பர்ல போறோம்னதும் எல்லாரும் பயமுறுத்தினது கடல் ஏத்தத்தைச் சொல்லித்தான். அங்கே அதுக்கு ஆக்வா ஆல்த்தான்னு பேரு. அமாவாசை பௌர்ணமி ஏத்தம், கூடவே தெற்கிலிருந்து சிரோக்கோ காத்து, ரெண்டும் சேர்ந்தா ஏட்ரியாட்டிக் கடல் தண்ணியை ஊருக்குள்ள தள்ளிரும். 1966 நவம்பர் 4ல 194 சென்டிமீட்டர். 2019 நவம்பர் 12ல 187. அந்த 2019 வெள்ளத்தை டிவியில பார்த்துட்டு தங்கமணி அழுதா. அவ கால் வலி ஆரம்பிச்சதும் அந்த வருஷம்தான்.

இப்போ கதை வேற. மோசேன்னு ஒரு தடுப்பு கட்டியிருக்காங்க. நம்ம ஊர் கண்மாய்க்கு மடை இருக்கிற மாதிரி, காயலுக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற மூணு வாய்லயும் மொத்தம் 78 இரும்புக் கதவு. சாதாரண நாள்ல உள்ளே தண்ணியை நிரப்பிக்கிட்டு கடல் தரையில படுத்துக் கிடக்கும். ஏத்தம் 110 சென்டிமீட்டரைத் தாண்டும்னு கணிப்பு வந்தா, காத்தை உள்ளே அடிச்சுத் தண்ணியை வெளியேத்துவாங்க. கதவு தன்னால மிதந்து எழுந்து நிக்கும். ஏத்தம் வடிஞ்சதும் மறுபடி தண்ணி குடிச்சுப் படுத்துக்கும். ரொம்ப எளிமையான யோசனை, ஆனா செலவு 500 கோடி யூரோவுக்கு மேல. நடுவுல 2014ல ஊழல்னு ஊர் மேயரையே கைது பண்ணினாங்க. அதெல்லாம் தாண்டி 2020 அக்டோபர் 3ந் தேதி முதல்முறையா நிஜ ஏத்தத்துக்குத் தூக்கி நிறுத்தினப்போ ஊருக்குள்ள தண்ணி வரல. பரவாயில்லய்யா, ஊழல் பண்ணினாலும் வேலை செய்யிற மாதிரி பண்ணியிருக்கானுங்களேன்னு எனக்கு ஒரு சின்னப் பொறாமை. சான் மார்க்கோ சதுக்கம் ஊரிலேயே பள்ளமான இடங்கறதால, 110 வர்றதுக்கு முன்னாடியே அங்கே தண்ணி எட்டிப் பார்க்கும். அதுக்காக பஸிலிக்கா தேவாலயத்தைச் சுத்தி 2022ல இருந்து ஒரு கண்ணாடிச் சுவர் நிக்குது.

இனி பாலம் ஏறும் கலை. பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லிக் கொடுத்தது. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. ஊன்றுகோல் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில. இதை மறந்தா மறுநாள் எழ முடியாது. தங்கமணி இதையே மந்திரம் மாதிரி வாய்க்குள்ள சொல்லிக்கிட்டு ஏறுவா. "நல்லது மேல, நல்லது மேல." இறங்கும்போது, "கெட்டது கீழ, கெட்டது கீழ." பக்கத்துல போற ஜப்பான்காரங்க ஏதோ தோத்திரம்னு நினைச்சு ஒதுங்கி வழி விட்டாங்க.

கொண்டோலா? அரசாங்க ரேட்டே அரை மணிக்கு 90 யூரோ. "அந்தக் காசுக்கு நாலு மாசம் காய்கறி வாங்கலாம்"னு தங்கமணி கணக்குப் போட்டுட்டா. (எந்த ஊர் காய்கறின்னு நான் கேட்கல.) ஆனா கொண்டோலாவுல ஏறணும்னு ஆசை மட்டும் இருக்கிறவங்களுக்கு ஒரு வழி உண்டு. பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க த்ராகெத்தோன்னு ஓடப் பயணம். 2 யூரோதான். முன்னால ஒருத்தர் பின்னால ஒருத்தர் துடுப்புப் போடுவாங்க. நம்ம ஊர் பரிசல் துறை மாதிரி. சாந்தா சோஃபியாவுல ஏறி மீன் மார்க்கெட்டுக்கு எதிர்க்கரை போனோம். படித்துறையில இருந்து ஓடத்துக்குள்ள அவ காலை வைக்கத் தயங்கினதும், துடுப்புக்காரர் ஒண்ணும் பேசாம முழங்கையை நீட்டினார். அவ அதைப் பிடிச்சு இறங்கினா. நான் நீட்டின கை அந்தரத்துல நின்னுச்சு.

கொண்டோலாவை உத்துப் பார்த்தீங்கன்னா ஒரு விஷயம் தெரியும். அது நேரா இருக்காது. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். துடுப்பு ஒரே பக்கம் போடுறதால ஓடம் வட்டம் அடிக்காம இருக்க, வேணும்னே கோணலாச் செய்றாங்க. இதை நான் விளக்கினதும் தங்கமணி அவளோட ரெண்டு காலையும் மாத்தி மாத்திப் பார்த்தா. "நானும் அப்படித்தான் இருக்கேன், ஆனா வட்டம்லா அடிக்கேன்"ன்னா. சிரிச்சா. நானும் சிரிச்சேன். நல்ல வேளை, ஓடம் கரைக்கு வந்துருச்சு.

அடுத்து நம்ம ஊர்க் கதை. நான் ஆறுமுகநேரிக்காரன். எங்க ஊருக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவுல வேலி கூடக் கிடையாது. வெனிஸ் ஆள் மார்க்கோ போலோ எங்க கடற்கரைக்கு வந்தவர். சீனாவுல இருந்து திரும்புற வழியில, 1290கள்ல. 1298ல ஜெனோவா சிறையில இருந்தப்போ கூட இருந்த ருஸ்திச்செல்லோங்கிற பீசாக்காரர் எழுத எழுத இவர் சொன்ன கதைகள்தான் அந்தப் புத்தகம். அதுல காயல்னு ஒரு துறைமுகம் வருது. அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலா வந்து இறங்குறது, குதிரையைப் பராமரிக்கத் தெரியாம ஒவ்வொண்ணா சாகவிடுறது, முத்துக் குளிக்கிறது, ராஜா உடம்பு முழுக்க முத்தும் ரத்தினமும் போட்டுக்கிட்டு இருக்கிறது, ஜனங்க நாள் பூராவும் வெத்தலை மெல்லுறது, எல்லாம் இருக்கு. அந்தக் காயல் பழையகாயல்தான்னு நம்ம கால்டுவெல் ஐயா போய்ப் பார்த்து எழுதினார். காயல்பட்டினத்துக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. நான் இந்தச் சண்டைக்கு வரல. ரெண்டு ஊர்லயும் எனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க.

போலோ வீடு இருந்த இடம் ரியால்த்தோவுக்குக் கொஞ்சம் தள்ளி, மாலிப்ரான் தியேட்டருக்குப் பின்னால இருக்கு. கோர்த்தே தெல் மிலியோன்னு பேரு. வீடு இல்ல. பழைய பைசாந்தியக் கல் வளைவு ஒண்ணு, ஒரு கிணத்து மேடை, யாரோ காயப்போட்ட துணி. வழியில பாலம் இருக்கு, என் சிவப்புக் கோட்டுல அந்த இடம் இல்ல. ஆனா தங்கமணி, "25 வருஷமா காயல்காரி கூட குடித்தனம் பண்றீய, காயலைப் பத்தி எழுதின மனுஷன் வீட்டைக் காட்ட மாட்டியளா"ன்னு கிளம்பிட்டா. (அவளுக்கு அம்மா வழி காயல்பட்டினம். எனக்கு இப்படித்தான் சண்டையில சேர முடியாமப் போச்சு.) அங்கே போய் கிணத்து மேடையில உட்கார்ந்து ஒரு வெத்தலை போட முடியலையேன்னு ஆதங்கப்பட்டா. மியூனிக் ஆசியக் கடையில வெத்தலை கிடைக்கும், வாங்கி வந்திருக்கலாம்.

இன்னொரு சொந்தமும் இருக்கு. உப்பு. எங்க அப்பா உப்பளத்துல கணக்கப்பிள்ளை. வெனிஸ்காரன் முதல்ல பணக்காரனானதும் உப்புலதான், மிளகும் பட்டும் எல்லாம் பிறகு. சுத்துப்பட்டுக் காயல்ல பாத்தி கட்டி உப்பு விளைச்சான், அப்புறம் மத்தவன் உப்பையும் தன் கைவழியாத்தான் போகணும்னு ஏகபோகம் பண்ணிட்டான். சத்தேரே கரையில அந்த உப்புக் கிட்டங்கிகள் வரிசையா இன்னும் நிக்குது. சரிவுப் பலகைத் தடத்துலயே இருக்கு. இப்போ ஒண்ணுல ஓவியக் கண்காட்சி. கல்யாண நாளன்னைக்கு என்ன பண்ணினீங்கன்னு கேட்டா, சத்தேரேல அந்தக் கிட்டங்கிப் பக்கத்துல உட்கார்ந்து மதியம் முழுக்க வெயில் காய்ஞ்சோம். அவ்வளவுதான். மக போன் பண்ணி, "கேக் வெட்டலையாப்பா?"ன்னு கேட்டா. உப்புக் கிட்டங்கி வாசல்ல கேக்கா!

சரி, இந்தப் பதிவு எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வந்துடுறேன்.

நாங்க போன நாள்கள்ல நவம்பர் 21 வந்தது. வெனிஸ்காரங்களுக்கு அது சலூத்தே திருநாள். சலூத்தேன்னா ஆரோக்கியம். 1630, 31ல கொள்ளைநோய் வந்து ஊர்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு ஜனம் செத்துப்போச்சு. நோய் நின்னா மாதாவுக்குக் கோயில் கட்டுறோம்னு அரசர் ஊர் சார்பா நேர்ந்துக்கிட்டார். 1631ல கட்ட ஆரம்பிச்சாங்க. பால்தஸாரே லொங்கேனாங்கிற இளம் கட்டடக் கலைஞர் வரைஞ்சது. சதுப்பு நிலத்துல பத்து லட்சத்துக்கும் மேல மரக்கம்பங்களை அடிச்சு இறக்கி, அது மேல கோயில். 1687ல திறந்தாங்க. லொங்கேனா அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாலயே போய்ச் சேர்ந்துட்டார். அன்னையில இருந்து வருஷா வருஷம் அந்த ஒரு நாள் ஊரே போய் மெழுகுவர்த்தி ஏத்தும். பெரிய கால்வாய்க்குக் குறுக்கே சில நாளைக்கு மட்டும் ஒரு தற்காலிகப் பாலம் போடுவாங்க, ஜனம் நடந்து கோயிலுக்குப் போக. கோயிலைச் சுத்தி பலூன், பஞ்சுமிட்டாய், எண்ணெயில பொரிச்ச பலகாரக் கடை. அப்படியே எங்க குலசை முத்தாரம்மன் தசரா. அம்மை கண்டவங்க அவளுக்கு நேர்ந்துக்குவாங்க, நேர்ந்ததைத் தீர்ப்பாங்க. இங்கே ஒரு ஊரே நேர்ந்துக்கிட்டு கிட்டத்தட்ட 400 வருஷமா தீர்த்துக்கிட்டே இருக்கு.

நாங்க தங்கின சத்தேரேல இருந்து அந்தக் கோயிலுக்குச் சரிவுப் பலகை வழியாவே போயிரலாம். அதுக்காகத்தான் அந்த ரூமே. ஆனா தங்கமணி மாட்டேன்னுட்டா. "எல்லாரும் பாலத்துல நடந்து வரும்போது நான் மட்டும் கொல்லைப்பக்கமா போய் விளக்குப் போட்டா அது நேர்த்திக்கடனா?"ன்னா. நீ ஒண்ணும் நேர்ந்துக்கலையேன்னு கேட்டேன். பதில் இல்ல. சரின்னு அக்காதெமியா துறை வரைக்கும் நடந்து, நீர்ப்பேருந்துல ஒரே ஒரு நிறுத்தம், ஜீலியோவுல இறங்கி, அந்தப் பாலத்துக்கு வந்தோம்.

கூட்டம்னா கூட்டம். கைக்குழந்தை, தாத்தா, பள்ளிக்கூடப் பிள்ளைங்க, நாய்க்குட்டி. சுற்றுலாக்காரங்க குறைச்சல், எல்லாம் ஊர்க்காரங்க. அவனவன் கோட்டுக்கு மேல மஃப்ளர் சுத்தி, வழியெல்லாம் வணக்கம் சொல்லிக்கிட்டுப் போறான். நான் தங்கமணி இடப்பக்கம் ஒட்டி நடந்தேன். நல்லது மேல, நல்லது மேல. பாலத்து ஏத்தத்துலயே அவ நின்னுட்டா. முகம் வெளுத்துப் போச்சு. திரும்பிரலாமான்னு கேட்டேன். வேண்டாம்னு தலையாட்டினா. பின்னால வர்றவங்க எங்களைச் சுத்தி ஒதுங்கிப் போய்க்கிட்டே இருந்தாங்க, ஒருத்தரும் முணுமுணுக்கல.

அப்பதான் பக்கத்துல ஒரு பாட்டி வந்து நின்னாங்க. எப்படியும் 80 வயசு இருக்கும். ரோமக் கோட்டு, உதட்டுச் சாயம், கையில ஊன்றுகோல். தங்கமணியோட கோலையும் காலையும் பார்த்துட்டு, தன் முழங்காலைத் தட்டி "ஜினோக்கியோ?"ன்னாங்க. முழங்காலுக்கு அதுதான் பேருன்னு எங்களுக்குத் தெரியாது, ஆனா தட்டினது புரிஞ்சது. தங்கமணி வலது காலைத் தட்டி, கத்தி மாதிரி விரலால கோடு போட்டுக் காட்டினா. இடது காலைத் தட்டி, கையை விரிச்சா. பாட்டி சிரிச்சுக்கிட்டே தன் ரெண்டு முழங்காலையும் மாத்தி மாத்தித் தட்டி, ரெண்டு விரலைக் காட்டினாங்க. "தூத்தே எ தூவே." ரெண்டும். பிறகு தங்கமணி கையைத் தன் கைக்குள்ள கோத்துக்கிட்டு ஒண்ணும் பேசாம ஏற ஆரம்பிச்சாங்க.

நான் பின்னால நடந்தேன். ஒரு நிமிஷத்துல கடக்கிற தூரத்தை ரெண்டு பேரும் கால் மணி நேரம் கடந்தாங்க. நடுவுல நின்னு தண்ணியைப் பார்த்தாங்க. பாட்டி ஏதோ இத்தாலியில சொன்னாங்க, தங்கமணி ஏதோ தமிழ்ல சொன்னா. என்ன சொன்னான்னு எனக்குக் கேட்கல, பிறகும் அவ சொல்லல. கோயில் வாசல்ல அகலமான படிக்கட்டு. அதுலயும் அப்படியே. உள்ளே மெழுகுவர்த்தியை நாம ஏத்த முடியாது, அவ்வளவு கூட்டம். பீடத்துப் பக்கம் நிக்கிறவங்ககிட்ட கொடுத்தா அவங்க வாங்கி ஏத்தி வரிசையில நட்டு வைப்பாங்க. பீடத்துல இருக்கிற மாதா படமும் இந்த ஊர்க்காரி இல்ல, 1670ல கிரீட் தீவுல இருந்து வந்தவ, கருத்த முகம். தங்கமணி கன்னத்துல போட்டுக்கிட்டா. திரும்பிப் பார்த்தா பாட்டியைக் காணோம். பேர்கூடக் கேட்கல.

அன்னைக்கு ராத்திரி ஊர் பூரா ஒரே சாப்பாடு. காஸ்த்ரதீனா. உப்புப் போட்டு, புகைமூட்டிக் காயவச்ச ஆட்டுக்கறியை முட்டைக்கோஸோட மணிக்கணக்கா கொதிக்க வச்ச சாறு. கொள்ளைநோய்க் காலத்துல எதிர்க்கரை தல்மாத்தியாக்காரங்க கொண்டு வந்து கொடுத்த கறியாம், அந்த நன்றிக்கு இன்னும் இந்த நாள்ல மட்டும் சமைக்கிறாங்க. நம்ம உப்புக்கண்டமேதான். வெள்ளிக்கிழமை வேற. ஊர்ல எங்க அம்மாகிட்ட யாரும் போட்டுக் கொடுத்துராதீங்க, புண்ணியமாப் போகும்.

முதல் கரண்டி வாயில வச்சுட்டு, ரெண்டாவது கரண்டியை எடுக்காம, "ஜனவரின்னே அந்த டாக்டருக்கு எழுதிருங்க"ன்னா தங்கமணி.

"எந்தத் தேதி?"

"அவரு சொன்ன தேதிதான். ஆனா இந்தத் தடவை ராத்திரி நான் எழுந்தா நீங்களும் எழுந்திரிக்கணும். குறட்டை விடப்பிடாது."

சரின்னேன். அவ பரிமாறுற பையனைக் கூப்பிட்டு, கறிச்சாறுக்கு மிளகுத்தூள் கேட்டு வாங்கி, வெனிஸ்காரனே மிரளுற அளவுக்கு அரைச்சுப் போட்டுக்கிட்டா.